காருக்குள் பாடிய பாதிப் பாட்டு

என் அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பாடகர்தான். அவர் ஒரு மலாய் ரோக் இசைப் பாடகர். அப்பா எஸ்டேட்டில் இளைஞராக இருந்த காலத்தில் தோள் வரைக்கும் முடி வளர்த்து, தொண்டை கிழியக் கத்திப் பாடி, ஊர் ஊராகப் பையன்களைக் கறுப்புச் சட்டை போட வைத்தவர். எனக்கு விவரம் தெரிந்தபோது அந்தப் பாடகருக்கு முடியெல்லாம் கொட்டி, தலையில் தொப்பி ஏறியிருந்தது. அப்பா அவரை 'அபாங்' என்பார். மலாயில் அண்ணன் என்று அர்த்தம். கூடப் பிறந்த அண்ணனுக்காகக் கவலைப்படுவதுபோலவே அவருக்காகக் கவலையும் படுவார். சொந்தக்காரர் கல்யாணங்களில் எல்லோரும் தமிழ்ப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் ஓரமாக உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்கு அபாங் விஷயத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. "வாழ்நாள் பூரா தனியாவே பாடிட்டாரு லா. ஒருத்தரோடயும் சேர்ந்து பாடினதே இல்ல," என்று ஆற்றாமைப்படுவார். அதனால் காரில் போகும்போதெல்லாம் அபாங்குக்கு ஜோடி தேடுவது எங்கள் விளையாட்டு ஆனது. கோயில் நாதஸ்வரக்காரர் என்பேன். "சரி, ஆனா மேளம் வேணாம்," என்பார். ஜொகூர் பாரு பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் பெண் என்பேன். அப்பா ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரிப்பார். ஒருமுறை எங்கள் தலைமையாசிரியையின் பெயரைச் சொன்னேன். "அலமாக்! அபாங் பாவம் லா," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஜோடி முடிவானதும் அடுத்த கட்டம் தொடங்கும்.

"ட்ரம்ஸ தூக்கு."

"தூக்கிட்டேன்."

"கரண்டு கிட்டார தூக்கு. கீபோர்ட தூக்கு."

"எல்லாம் தூக்கிட்டேன்பா."

"இப்ப என்னா இருக்கு?"

நான் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பேன். ஒரு சின்ன மரக் கிட்டார், அபாங், பக்கத்தில் அந்த இன்னொருவர். அவ்வளவுதான் என்பேன். "அதான் பாப்பா. வயசாயிருச்சு, முன்ன மாதிரி கத்த வராது. இப்ப மெதுவா பாடினாத்தான் மனுசன் யாருன்னு தெரியும்," என்பார் அப்பா.

முன்சீட்டில் இருக்கும் அம்மா மட்டும் இந்த விளையாட்டுக்கு வரமாட்டார். எங்கள் ஊர் பெக்கான் நானாஸ். எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் அன்னாசித் தோட்டம்தான். அதையே பார்த்துக்கொண்டு, "அவரு தனியா பாடினாத்தான் நல்லாருக்கு. விட்டுடுங்களேன்," என்பார். அம்மா வேடிக்கையாகச் சொல்கிறார் என்று அப்பா சிரிப்பார். அப்பா சிரிப்பதைப் பார்த்து நானும் சிரிப்பேன்.

எனக்கு எட்டு வயதில் அம்மா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை, எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் வேலை செய்தார்கள். முதலில் சனிக்கிழமைதோறும் வந்தார். வராத நாள்களில் அப்பாவும் அம்மாவும் கைப்பேசியில் சேர்ந்து பாடினார்கள். அதற்கென்று ஒரு செயலி புதிதாக வந்திருந்தது. பாட்டில் ஒருவர் தன் வரிகளை மட்டும் பாடி, மற்ற வரிகளைக் காலியாக விட்டுப் போட்டுவிடலாம். இன்னொருவர் எங்கிருந்தாலும் அந்தக் காலி இடத்தில் பாடலாம். கேட்கும்போது இருவரும் ஒரே அறையில் நின்று பாடியதுபோல இருக்கும். அப்பா இங்கே பாதி பாடுவார், அம்மா அங்கே விடுதியில் மீதி பாடுவார். அம்மாவுக்காக அப்பா தமிழ்ப் பாட்டுகூடப் பாடினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அம்மா மாதம் ஒருமுறை வந்தார். அந்த வருடத் தீபாவளிக்கு வந்துபோனவர் அப்புறம் வரவே இல்லை. "அம்மாவுக்கு வேல ஜாஸ்தி," என்றார் அப்பா. யார் கேட்டாலும் நான் அதையே ஒப்பித்தேன். அம்மா திரும்ப வருவாரா என்பதுதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, தினமும் வந்து சமைத்தார். சட்டி பானைகளை மட்டும் சற்றுச் சத்தமாகவே வைப்பார்.

அந்த நாள்களில்தான் அப்பா அபாங்கின் பாட்டு ஒன்றை எடுத்தார். ஒருவர் பாடும் பாட்டு அது. அதை அப்பாவே இருவர் பாடும்படி பங்கு பிரித்தார். ஒற்றைக் கிட்டார் மட்டும் உள்ள இசையைத் தேடிப்பிடித்தார். அன்னாசி லோரி ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வந்து, வீட்டோரம் நிற்கும் காரில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொள்வார். இயந்திரச் சத்தம் பதிவில் விழும் என்று ஏர்கோனும் கிடையாது. பின்சீட்டில் போர்வைகளைக் குவித்திருப்பார். "துணி எதிரொலிய முழுங்கிடும் பாப்பா," என்று எனக்கு விளக்கமும் சொன்னார். ஒரு வரி பாடுவார், அடுத்த வரிக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். வியர்வை கழுத்தில் ஓடும். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். காத்திருக்கும் நேரத்தில்தான் அவர் முகம் பாடுவதுபோல இருக்கும்.

பதிவு ஏறியதும் திரையில் பாடுபவர்களுக்கான இரண்டு வட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் அப்பாவின் படம். மற்றது வெறும் சாம்பல் நிறம்.

யார் யாரோ வந்து பாடினார்கள். சபாவிலிருந்து ஒருவர், இந்தோனேசியாவிலிருந்து ஒருவர். மூவாரிலிருந்து ஒரு பெண் பாடியதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா ஒவ்வொன்றையும் ஒரு வரி கேட்பார், நீக்கிவிடுவார்.

"நல்லாத்தானேப்பா பாடுறாங்க?"

"நல்லாத்தான் பாடுறாங்க," என்று சொல்லிக்கொண்டே அதையும் நீக்கினார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அபாங்குக்கு ஏற்ற ஜோடி இன்னும் கிடைக்கவில்லை, அந்த வருத்தத்தில்தான் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மாவுக்கோ வேலை ஜாஸ்தி. மிச்சமிருப்பது நான்தான். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மதியம் அத்தை டிவி முன்னால் கண்ணயர்ந்த நேரத்தில், அம்மாவின் பழைய கைப்பேசியை எடுத்தேன். புதிது வாங்கியபோது நான் விளையாடுவதற்காக விட்டுப்போனது அது, திரையில் ஒரு கீறல். செயலி அதில் அப்படியே திறந்தது. பெயரையோ வேறு எதையோ அது என்னிடம் கேட்கவில்லை. அப்பாவின் பாட்டைத் தேடி எடுத்துக்கொண்டு அம்மாவின் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எதிரொலி வரக்கூடாது அல்லவா? உள்ளே நான் கால் மடக்கி உட்காரத் தாராளமாக இடம் இருந்தது. ஏன் அவ்வளவு இடம் என்று நான் யோசிக்கவில்லை. இயர்போனில் அப்பா காதுக்குள் ஒரு வரி பாடினார், நான் அடுத்த வரி பாடினேன். அம்மா போனதிலிருந்து யாரும் எனக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. பாட்டு முடிந்ததும் பொத்தானை அழுத்தி அனுப்பினேன்.

அன்று அப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலங்கள். வந்ததும் குளித்து, சவரம் செய்து, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அத்தையிடம் கைப்பேசியை நீட்டினார். அத்தை திரையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்பவே போன் போடேன் தம்பி."

"மொதல்ல கேக்கறேன்க்கா. லோரிச் சத்தத்துல கேக்க மனசு வரல. நம்ம கார்ல வச்சுக் கேக்கணும்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். இவ்வளவு பெரிய பாராட்டை நான் எதிர்பார்க்கவில்லை. குரலை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அம்மா போனதிலிருந்து முன்சீட்டு எனக்குத்தான். அன்று அப்பா, "பின்னால உக்காரு பாப்பா," என்றார். முன்சீட்டில் பொட்டலங்களை வைத்தார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

கிட்டார் ஒலித்தது. அப்பாவின் வரி வந்தது. பிறகு என் வரி.

அப்பா சத்தத்தைக் கூட்டினார். உடனே குறைத்தார். அப்புறம் அவர் கை ஸ்டீயரிங்கின் மேலேயே கிடந்தது. பின்னாலிருந்து எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது, புதிதாக வெட்டிய முடியும் சட்டைக் காலரும். பாட்டு முழுவதும் ஓடி நின்றது.

"எந்தப் போன்ல பாடின பாப்பா?"

"அம்மாவோட பழைய போன்ல. அலமாரிக்குள்ள உக்காந்து பாடினேன். எதிரொலி வரல இல்ல?"

"வரல," என்றார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சுத்தமா வரல," என்றார்.

பிறகு பொட்டலங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னை முன்சீட்டுக்குக் கூப்பிட்டார். மூன்று பொட்டலங்கள் இருந்தன. நான் என்னுடையதைச் சாப்பிட்டேன். அப்பா தன்னுடையதைப் பிரிக்கவே இல்லை. மூன்றாவதையும் என்னிடமே தந்தார். அதில் முட்டை இல்லை. அம்மாதான் முட்டை சேர்க்காமல் கேட்பவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பாட்டை மறுபடி போட்டார். என் வரிகள் வரும்போது தலையை ஆட்டினார். "நல்லாப் பாடிருக்க மா," என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது. அபாங் மாதிரியே இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

அந்தப் பதிவை அப்பா நீக்கவில்லை. மூவார்க்காரப் பெண்ணையே ஒதுக்கியவர் என்னை வைத்துக்கொண்டாரே என்று எனக்கு வருடக்கணக்கில் பெருமை. அம்மா வரவில்லை. இப்போது அவருக்கு அந்தப் பக்கம் வேறு வீடு, வேறு வாழ்க்கை. எப்போதாவது நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நாங்கள் பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

போன மாதம் அப்பாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். பழையதிலிருந்து என்னென்ன மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "அந்தப் பாட்டு இருந்தா போதும்," என்றார். நீக்காமல் அவர் வைத்திருந்தது அது ஒன்றுதான். திறந்தேன். இரண்டு வட்டங்கள். ஒன்றில் அப்பா. மற்றதில், சாம்பல் நிறம் போய், அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு பெயர்கள் சேர்ந்தாற்போல், அப்பாவுடையதும் அம்மாவுடையதும். பாடியது நான். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

அன்றைக்கோ முட்டையில்லாத அந்தப் பொட்டலத்தையும் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, ஒருவழியாக அபாங்குக்கு ஜோடி கிடைத்துவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.