வலது காதுக்கு வராத சாக்ஸபோன்

"கொயரை விட்டுட்டேன்டா" என்று ஒரு நாள் காலையில் அவன் சொன்னான்.

அவன் சாந்தோம்காரன். பள்ளிக்கூட வாத்தியார். மாதா கோவிலில் ஆர்கன் வாசித்து, பாடற்குழுவைப் பழக்குகிறவன். நான் மயிலாப்பூர், பத்திரிகைகளில் இசை பற்றி எழுதுகிறவன். லஸ் பக்கத்துப் பூங்காவில் காலை நடை முடிந்ததும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான், முறை வைத்து செல்போனில் ஒரு ஜாஸ் பதிவு. இயர்போன் ஒன்றுதான். இடது எனக்கு, வலது அவனுக்கு. முடியும்வரை பேச்சு கிடையாது. முடிந்ததும் சண்டை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தெரு பேண்டு, நாற்பதுகளின் நடன அரங்கு ஆரவாரம் என்றால் சண்டை வராது, இரண்டு தலையும் சேர்ந்தே ஆடும். அறுபதுகளுக்கு வந்தால் போச்சு. சாக்ஸபோன் அழுது அலைந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும், நான் கண் கலங்கித் திரும்புவேன். அவனோ தொடையில் தட்டிக்கொண்டிருப்பான். "டிரம்ஸ்ல பின்றான் மச்சி. சாக்ஸ்தான் எங்கயோ அடுத்த தெருவுல கீது."

"காது கீது போச்சா உனக்கு? போய் டாக்டரைப் பாரு."

கிண்டல்தான். ஆனால் ஒரு நாளா, இரண்டு நாளா, ஆறு வருடம்.

"பசங்க சுருதி விலகினாக்கூட எனக்குத் தெரியாமப் போயிடுமோன்னு பயம்டா" என்றான் அன்று. "போன ஞாயித்துக்கிழம ஃபாதர்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன். நேத்து தேனாம்பேட்டைல டெஸ்ட் எடுத்தா, ரெண்டு காதும் நல்லாக் கீதாம். அப்ப எனக்கு மட்டும் சாக்ஸ் ஏன்டா வரல?"

அறுபதுகளின் பதிவு ஒன்றை ஓடவிட்டேன். சாக்ஸபோன் இருக்கிறதென்று நிரூபிக்கத்தான் என் பக்கத்து இயர்போனையும் அவனிடம் கொடுத்தேன். கண்ணை மூடினான். தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"இங்க கீதுடா" என்று இடது காதைத் தொட்டான். "மொத்தமும் இங்கதான் கீது."

இரண்டையும் பிடுங்கி நான் மாட்டிக்கொண்டேன். என் வலது காதுக்குள் ஒரு முழு மனிதன் உட்கார்ந்து டிரம்ஸை வெளுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் பியானோ. அந்தக் காலத்து ஸ்டீரியோவில் வாத்தியங்களை ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய பதிவுகளில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, அதனால்தான் அங்கே சண்டை இல்லை. அந்த சாக்ஸபோனின் தனிமையைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது தனியாகவே இல்லை.

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வா, ஃபாதர்கிட்ட நீயே சொல்லு."

"என்னன்னு?"

"உனக்குத்தான் காது கேக்கலன்னு."

அவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கோவில் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் பொறுமையாகக் கேட்டார்.

"வேற ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேனே சார். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவர்தான்."

"பரவால்ல ஃபாதர்" என்றான் அவன், சட்டென்று. உள்ளே யாரோ ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரைக் கிளப்பினான். ஏறலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"ஏறுடா" என்றான், திரும்பிப் பார்க்காமல்.