பத்தொன்பது பாவச் சீட்டுகள்

கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். கோயிலும் பள்ளியும் ஒரே காம்பவுண்டுக்குள். கேட்டில் பெரிய ஃபிளெக்ஸ்: ‘விசுவாசத்திலும் அறிவிலும் வளர்ப்போம்’. அதில் தலைமையாசிரியை சிஸ்டரின் முகம் பிள்ளைகளின் முகங்களைவிட மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். பிள்ளைகளில் பெரும்பாலோர் தோட்டக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், இந்துக்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாடம், எடுக்கும் வேலையும் என்னுடையது.

அந்த வருடம் பத்தொன்பது பேர் புதுநன்மைக்குத் தயாரானார்கள். புதுநன்மை என்றால் பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை, நற்கருணையை, முதல்முறையாக வாங்குவது. அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம் உண்டு. சாமியாரிடம் மண்டியிட்டு, செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய பயம். ஒத்திகைக்கு நானே சாமியார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவள் விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

“பாவம் எதுவுமே ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதுங்க டீச்சர்.”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். பாவங்களை அதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாமியாரிடம் பார்த்துச் சொல்லுங்கள், முடிந்ததும் மடித்து இந்த பிஸ்கட் டப்பாவில் போடுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் எல்லாவற்றையும் எரித்துவிடுவோம் என்றேன்.

“யாராச்சும் படிப்பாங்களாங் டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். ஒல்லியான பிள்ளை, இரட்டைப் பின்னல், எதையும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்கிறவள். அவளுடைய அம்மா பக்கத்தில் ஒரு தேங்காய் நார் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

“யாரும் படிக்க மாட்டாங்க கண்ணு. உனக்கும் சாமிக்கும் மட்டுந்தான்.”

“நீங்களுங்க?”

“நானும் படிக்க மாட்டேன்.”

வியாழக்கிழமை பாவசங்கீர்த்தனம் நடந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் போய், முகம் தெளிந்து வந்தார்கள். அந்த இரட்டைப் பின்னல்காரி வெளியே வந்ததும் கோயில் படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள். டப்பாவை ஸ்டாஃப் ரூமில் என் மேஜை மேல் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் நாலைந்து டீச்சர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். யாரோ மிக்சர் வாங்கி வந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்பு டீச்சர் டப்பாவைப் பார்த்து, “இத்தனூண்டு பிள்ளைங்க அப்படி என்னங்க பாவம் பண்ணியிருக்கும்?” என்று சிரித்தார். அவர் டப்பாவைத் தொடவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. மூடியைத் திறந்தது நான்தான்.

முதல் சீட்டை எடுத்து நானே வாசித்தேன். ‘தம்பி பங்கு கேக்கையும் நானே தின்னேன்.’ சிரித்தார்கள். அடுத்தது, ‘பல்லி வாலை அறுத்தேன். அது துடிச்சுது. மறுபடியும் ஒரு பல்லியை அறுத்தேன்.’ இன்னும் சிரித்தார்கள். ‘சிஸ்டர் முக்காடு விலகினப்ப அவங்க முடியைப் பாத்துட்டேன்.’ ஒரு டீச்சருக்குப் புரை ஏறியது. சீட்டுகள் கை மாறின. மிக்சர் எடுத்த விரல்களாலேயே பிரித்தார்கள். தாள்களில் எண்ணெய்க் கறை படிந்தது. நானும் வாயில் கடலையை மென்றுகொண்டே வாசித்தேன், மென்றுகொண்டே சிரித்தேன். அந்தக் கடலையின் காறல் ருசி இப்போதும் திடீரென்று நாக்கில் வரும். அன்றிலிருந்து மிக்சர் என்றாலே எனக்குக் குமட்டும்.

பச்சை மையில் எழுதிய சீட்டு கடைசிக்கு முன்னதாக வந்தது.

‘ஞாயித்துக்கிழமை நாங்க ஜெப வீட்டுக்குப் போறோம். கோயிலுக்கு வந்தோம்னு சிஸ்டர்கிட்ட பொய் சொன்னேன். அம்மா சொல்லச் சொன்னாங்க. அங்க போனதுல இருந்து அப்பா குடிக்கறதில்ல.’

இதைப் படித்ததும் யாரும் சிரிக்கவில்லை. ஜெப வீடு என்பது மெயின் ரோட்டில் ஒரு கடைக்கு மேல் மாடியில் நடக்கிற பெந்தெகொஸ்தே கூட்டம். அங்கே போகிறவர்கள் என்றாலே எங்கள் சிஸ்டருக்கு ஆகாது. நான் தாளை மடிப்பதற்குள் சிஸ்டர் உள்ளே வந்துவிட்டார். வராந்தாவரை கேட்டதே, என்ன சிரிப்பு என்று கேட்டார், கை நீட்டினார், நான் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“யார் எழுத்து இது?”

சீட்டில் பெயர் கிடையாது. பெயர் எழுத வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். தெரியவில்லை சிஸ்டர் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தன் பிள்ளைகளின் எழுத்து தெரியாதா? அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஒரு நொடியும் யோசிக்காமல் அந்த இரட்டைப் பின்னல்காரியின் பெயரைச் சொன்னேன். சிஸ்டர் போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தார். சரியாக விழவில்லை போல. மேஜையில் வைத்து நீவிவிட்டு இன்னொரு முறை பிடித்தார்.

அவர் மோசமானவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு வழியில்லை. ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது வண்டி வரும்வரை காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியவர் அவர்தான். அன்றும் ஓர் ஆன்மாவைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நம்பினார். அவருடைய முகத்தில் இருந்த அந்த நிம்மதியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

மதியமே அவளுடைய அம்மாவை வரச் சொல்லியாகிவிட்டது. மில்லிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையிலும் புருவத்திலும் நார்த் தூசி. ஆபீசுக்குள் உட்காரச் சொல்லவில்லை, வராந்தாவிலேயே நிற்க வைத்தார் சிஸ்டர். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். போனை நீட்டி, விரல்களால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

“எம்புள்ள எழுத்துங்க. இது எப்படீங்க உங்க போனுக்குள்ள வந்துச்சு?”

“அத விடுங்க. எழுதினது உண்மையா பொய்யா?”

“உண்மைதானுங்க சிஸ்டர்.”

“பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் கொடுத்திருக்கீங்க. அதுவும் புதுநன்மை வாங்கற பிள்ளைக்கு. கூசலையா உங்களுக்கு?”

“கூசுதுங்க. என்னங்க பண்ணட்டும்? இங்கயும்தானுங்க முட்டி போட்டேன். நாலு வருஷமாப் போட்டேன். அவரு நிறுத்தலீங்க. அங்க அவரா போனாரு, அவங்க கையப் புடிச்சு ஜெபிச்சாங்க, நிறுத்திப்போட்டாரு. நான் எந்தச் சாமியச் சண்டைக்கு இழுக்கறதுங்க? ரெண்டு எடத்துலயும் ஒரே ஏசுதானுங்களே.”

“வேதம் எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம்” என்றார் சிஸ்டர். இனி அங்கே போக மாட்டோம் என்று கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை புதுநன்மைக்குப் பிள்ளையைக் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் உடனே போகவில்லை. என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஏனுங் டீச்சர், சாமிகிட்டச் சொன்னதுதானுங்களே அது? உங்ககிட்ட எப்படீங்க வந்துச்சு? யாரும் படிக்க மாட்டாங்கன்னு எங்க டீச்சர் சொல்லிட்டாங்கம்மான்னு, ஊட்டுக்கு வந்ததும் வராததுமாச் சந்தோஷமாச் சொன்னாளுங்க.”

வகுப்பில் ஆள் இல்லை, நான் போக வேண்டும் என்று சொன்னேன். அதுதான் நான் அவளுக்குச் சொன்ன பதில்.

சனிக்கிழமை காலையில் சாமியாரைப் பார்க்கப் போனேன். சின்ன வயதுக்காரர், எங்கள் கோயில் பங்குக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நான் சொல்ல ஆரம்பித்ததுமே கையை உயர்த்தித் தடுத்தார்.

“அந்தப் பிள்ளை எங்கிட்ட என்ன சொல்லுச்சுன்னு நான் பேச முடியாது. நீங்க கேக்கவும் கூடாது.”

“அதில்லீங்க சாமி. நாங்க அந்தச் சீட்டைப் படிச்சுப்போட்டோம்.”

நாற்காலியில் பின்னால் சாய்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. காலில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை. அது சரியாகத்தான் இருந்தது. அப்படிப் பார்க்கிற ஒருவராவது இருக்கிறாரே என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தப் பார்வையோடு அவரும் நின்றுவிட்டார்.

“பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நான் நன்மை கொடுக்கறேன்.”

“சிஸ்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…”

“ஸ்கூல் விஷயம் அவங்களோடது. நான் தலையிட்டா வேற மாதிரி ஆயிடும்.” பந்தல்காரர் வந்து வெளியே நின்றார். சாமியார் எழுந்து போய்விட்டார்.

அங்கிருந்தே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோப்பு ஓரமாக ஓட்டு வீடு. வெள்ளை கவுன் ஒன்று இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தது. அப்பா வீட்டில் இருந்தார். ஒடிசலான மனிதர், என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். சாமியார் கூட்டி வரச் சொன்னார் என்றேன்.

“நாங்க கடுதாசி தர்றதாத்தானுங்க இருந்தோம்” என்றார் அவர். “இவதான் வேண்டாங்கறா.”

கதவுக்குப் பின்னால் நின்ற மகளைத்தான் சொன்னார். “வா கண்ணு, உனக்கு இல்லாமலா” என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே குழைந்து கேட்டது. அவள் வெளியே வரவில்லை. கதவிடுக்கிலிருந்து கேட்டாள்:

“எல்லா டீச்சரும் படிச்சீங்களா?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதையும் செய்திருப்பேன். ஆனால் அவள் முந்திக்கொண்டாள். “சிரிச்சீங்களாமா. ரெண்டாங் கிளாஸ் பிள்ளைக வந்து சொன்னாங்க.”

அவள் அம்மா என்னிடம் காபி டம்ளரை நீட்டினாள். அந்த நேரத்திலும் எனக்குக் காபி போட்டிருந்தாள். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சாயங்காலம் மாதா கெபி முன்னால் பதினெட்டுப் பிள்ளைகள் கைகோர்த்து நின்றார்கள். பதினெட்டுச் சீட்டுகளை எரித்தோம். பச்சை மைச் சீட்டு சிஸ்டரின் ஃபைலில் இருந்தது. எண்ணெய்க் கறை பட்ட தாள்கள் சடசடவென்று சீக்கிரம் பிடித்துக்கொண்டன. ஆண்டவர் மன்னித்த பாவங்களை மறந்துவிடுகிறார், நாமும் மறந்துவிட வேண்டும் என்று சிஸ்டர் பேசினார். பிள்ளைகள் பாடினார்கள். பெற்றோர்கள் எல்லாரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். புகை என் பக்கமே வந்தது. கண் எரிந்ததைப் பார்த்து ஓர் அம்மா, “டீச்சருக்குப் பக்தியில அழுகையே வந்திருச்சு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டிரோன் வைத்துப் படம் எடுத்தார்கள். கேக் வெட்டினார்கள். வெள்ளை கவுன்களில் பிங்க் கிரீம் ஒழுகியது. அந்தப் பிள்ளை வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. சிஸ்டர் மைக்கில் என் பெயரைச் சொல்லி, பிள்ளைகள் மனதைத் திறக்க வைத்த டீச்சர் என்று பாராட்டினார். சால்வை போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள். வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்தாள். கணக்குப் போட்டாள், வாய்ப்பாடு சொன்னாள். ‘என் குடும்பம்’ என்று ஐந்து வரி எழுதச் சொன்னபோது மட்டும் பென்சிலை எடுக்கவில்லை. அந்த வகுப்பிலேயே வாக்கியங்களை அழகாகச் சேர்த்து எழுதுகிற பிள்ளை அவள். அதற்கு அடுத்த வாரமும் எழுதவில்லை. போர்டில் நான் எழுதினால் புள்ளி தவறாமல் பார்த்து எழுதுவாள். சொந்தமாக ஒரு வரி கிடையாது. வருடக் கடைசிவரை அப்படித்தான். தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அந்த வெற்றிடத்துக்கும் நான் சிவப்பு மையில் பூஜ்ஜியம் போட்டேன். போட வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

கோடை விடுமுறையில் அவளுடைய அம்மா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனாள். பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி நாளில் அந்தச் சீட்டு முறையை விளக்கச் சொல்லி சிஸ்டர் என்னை மேடையேற்றினார். பிள்ளைகளை எழுத வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். தாள் வீணாகிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த வருட முடிவில் வேலையை விட்டேன். இப்போது சரவணம்பட்டியில் ஒரு பள்ளியில் கணக்கு மட்டும் எடுக்கிறேன். கோயிலுக்குப் போகிறேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இதைச் சொல்லவும் செய்தேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் இங்கே இருக்கிற சாமியார். மூன்றே மூன்று. சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எனக்கு என் மேல் வந்த அருவருப்பை எழுதத் தெரியவில்லை.

போன மாதம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் பக்கம் அவர்களைப் பார்த்தேன். அம்மாதான் என்னைக் கண்டு ஓடி வந்தாள்.

“நல்லாருக்கீங்களாங் டீச்சர்? இளைச்சுப்போட்டீங்களே!”

அவள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“இருக்காருங்க. இன்னமும் குடியத் தொடறதில்லீங்க.” பிறகு திரும்பி மகளைக் கூப்பிட்டாள். “இங்க பாரு கண்ணு, யாரு வந்திருக்காங்கன்னு. டீச்சருக்கு வணக்கம் சொல்லு.”

அம்மாவின் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். என்னை நேராக ஒரு முறை பார்த்தாள். பிறகு பஸ்ஸில் ஏறி, எங்களுக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“வெயில்ல வந்ததுங்க, அதான் இப்படி. கோவிச்சுக்காதீங்க டீச்சர்” என்றாள் அம்மா.

“பரவாயில்லைங்க” என்றேன். பரவாயில்லையாம். நான் அவளை மன்னித்தேனாம்.