என் ஈசலுக்கு ஓர் அடி போதும்

அந்த வீடியோ கேமில் மிருகங்களின் உயிர் ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். அடி விழ விழக் கோடு சுருங்கி மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும், தீர்ந்தால் மிருகம் விழுந்துவிடும். என்னுடையதற்கு மஞ்சள் சிவப்பு என்ற பேச்சே கிடையாது. இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. ஓர் அடி போதும், சுருண்டுவிடும். ஆனால் அந்த ஓர் அடியைக் கொடுக்க எதிராளிக்கு முறை வரவேண்டுமே. இரண்டு பேரும் கட்டளை கொடுத்த பிறகு எது வேகமானதோ அதுதான் முதலில் பாயும். என்னுடையதை முந்த அங்கே எதுவும் கிடையாது. அது பாய்ந்து அடித்தால் எதிரே நிற்பது பெரும்பாலும் எழுந்திருக்காது.

அதற்கு விளையாட்டை உருவாக்கியவர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாது. நானும் அக்காவும் ஈசல் என்று கூப்பிட்டோம். மெல்லிய உடம்பு, நீண்ட இறக்கை, ஊதினால் உதிர்ந்துவிடும் போல இருக்கும். அக்கா வளர்த்தது பாறை மாதிரி ஒரு ஜந்து. நகரவே யோசிக்கும். அதற்குப் பெயர் அம்மி.

இரட்டைத் திரை வைத்த அந்தக் கையடக்க கேம் கருவிகளை சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். சுருளிப்பட்டியில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கம்பி இல்லாமலே ஒன்றை ஒன்று கண்டுபிடித்துக்கொள்ளும். மின்வெட்டு தாறுமாறாக இருந்த காலம் அது. கரண்ட் வந்ததும் மற்ற வீடுகளில் மோட்டாரைப் போட ஓடுவார்கள், நாங்கள் சார்ஜர் குத்த ஓடுவோம். அப்பா திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து, மோட்டார் போடவில்லையா என்று கேட்கும்போதுதான் எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியே நினைவுக்கு வரும்.

வேகமான, நோஞ்சான் மிருகத்தை வைத்து ஆடுகிறவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று நினைப்பார்கள். சுத்தப் பொய். அது பயந்தாங்கொள்ளிகளின் ஆயுதம். எனக்கு அடி என்றாலே குலை நடுங்கும். வெடி, நாய், கணக்கு டீச்சரின் ஸ்கேல் என்று எதையும் விட்டுவைக்காமல் பயந்தேன். அடி வாங்கத் தெரியாதவள் செய்யக்கூடியது ஒன்றுதான், எதிராளிக்கு முறை வரும் முன்பே அவன் கதையை முடித்துவிடுவது. அதனால்தான் ஈசலைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் பயம் அதிலும் குறையவில்லை, கூடியது. சில நேரம் ஈசல் முழுப் பலத்தோடு அடித்தும் எதிரிக்கு நூலளவு உயிர் மிஞ்சிவிடும். அடுத்தது அவர்கள் முறை. அந்த இரண்டு நொடிக்கு நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். தோளைத் தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, அடி என் மேலேயே விழப்போகிற மாதிரி.

"ஏ புள்ள, கண்ண மூடிக்கிட்டா அடி விழாதா?" என்று அக்கா சிரிப்பாள்.

அவள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. அம்மி அடிமேல் அடி வாங்கும்போதும் விரியத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குள் பாம்பு வந்த நாளில் நான் கட்டில்மேல் ஏறிக் கத்தியபோது, கம்பை எடுத்துக்கொண்டு அருகில் போனவள் அவள். விட்டுக்கொடுப்பது என்பதும் அவளிடம் கிடையாது. எனக்குக் காய்ச்சல் அடித்துக் கிடந்த வாரத்திலும் என்னைத் தோற்கடித்துவிட்டுத்தான் கஞ்சி கொண்டுவருவாள்.

அவளுக்குத் தேவதானப்பட்டியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கோயம்புத்தூரில் கம்பெனி வேலை, சொந்தக் கார். கல்யாணமாகிப் போகிறவளுக்கு விளையாட்டுச் சாமான் எதற்கு என்று அம்மா சத்தம் போட்டாள். அக்கா அதைப் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்து எடுத்துப்போனாள்.

பிறகு தலைதீபாவளிக்குத்தான் இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளை கலகலப்பாகப் பேசினார். அப்பாவிடம் திராட்சை விலையைக் கேட்டார், அம்மாவின் குழம்பைப் பாராட்டினார். அக்காதான் மாறியிருந்தாள். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாள், பிறகு சொல்வாள். காபிக்குச் சர்க்கரை போடவா என்று அம்மா கேட்டதற்குக்கூட அப்படித்தான். அம்மா அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "புருசன் கண்ணப் பாத்து நடக்குறா பாருங்க," என்று அப்பாவிடம் சொன்னாள்.

குழம்பு ஆறிப்போனதற்குக் காலையில் அவர் தட்டைத் தள்ளி வைத்தபோதும் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று உண்டே, தலைதீபாவளிக்கு வந்த மருமகன் கொஞ்சம் முறைக்கத்தான் செய்வான், மாமியார் வீடு கெஞ்சத்தான் செய்யும். எங்கள் பக்கத்தில் இதை ரசிக்கவே செய்வார்கள். அதன் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம் என்று அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வெடிச் சத்தம் ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான் துள்ளிக்கொண்டிருந்தேன். மச்சான் பையிலிருந்து கேம் கருவியை எடுத்தார். அது அக்காவினுடையது. மூலையில் அவள் வைத்த நகப்பாலிஷ் பொட்டு அப்படியே இருந்தது.

"என்ன கொழுந்தியா, ஒங்க அக்கா உன்னையப் பத்திப் பெருமையா சொல்றா. ஒரு ஆட்டம் போடுவமா?"

அக்கா முறுக்குத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். எனக்கோ சந்தோஷம். என்னுடையதைக் கொண்டுவந்து இணைத்தேன். எதிராளியின் பெயர் திரையில் வரும். அக்காவின் பெயர் வரும் என்று பார்த்தால், மச்சானின் பெயர் வந்தது.

அந்த விளையாட்டில் ஒரு கேசட்டுக்கு ஓர் ஆட்டம்தான் சேமிக்க முடியும். புதிதாக ஒருவர் தொடங்கவேண்டுமென்றால் பழையதை முழுக்க அழிக்கவேண்டும். உண்மையாகவே அழிக்கலாமா என்று அது இரண்டு முறை கேட்கும். அக்கா வருஷக்கணக்கில் வளர்த்தது அத்தனையும் போயிருந்தது.

தண்ணீர் குடிக்கப் போவதுபோல அடுக்களைக்குள் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"உன் ஆட்டம் எங்கக்கா?"

"அழிச்சாச்சு. எனக்கு இனி எங்கன நேரம் இருக்கு?"

"அம்மியுமா?"

"எல்லாந்தான்." அவள் என்னைப் பார்க்கவில்லை, முறுக்கை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஏ புள்ள, தோத்துரு."

"என்னது?"

"தோத்துரு. அவுக தோத்தா நல்லா இருக்காது."

அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது, கொழுந்தியா பயந்துட்டாளா என்று. அப்பா சிரிக்கும் சத்தமும் கேட்டது.

தோற்பதென்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். ஈசலை உள்ளேயே வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக அனுப்பினேன். அடிக்கவேண்டிய இடத்தில் ஒதுங்கினேன். அவருடைய முரட்டு ஜந்துகள் ஒவ்வொன்றையும் சாய்த்தன. இரண்டு விழுந்ததும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதடு சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"விட்டுக்குடுக்குறியா? என்னையப் பாத்தா பாவமா இருக்கா?"

"இல்ல மச்சான்."

"யாரு சொல்லிக்குடுத்தது, ஒங்க அக்காவா?"

அக்கா அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் கையில் இருந்த தட்டில் முறுக்கு கலகலத்தது.

"ஒழுங்கா ஆடு," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"அவளுக்கு என்ன தெரியும், நீங்க ஆடுங்க மாப்பிள்ள," என்றாள் அம்மா, நாற்காலியிலிருந்து.

ஜெயித்தாலும் தப்பு, தோற்றாலும் தப்பு. எதை அமுக்கினாலும் தண்டனை உண்டு என்றால் எதை அமுக்குவது? இந்தக் கேள்வியோடுதான் அக்கா அங்கே ஒவ்வொரு நாளும் காபி போடுகிறாள், கதவு திறக்கிறாள், பேசுகிறாள் என்று அப்போது புரிந்தது. புரிந்ததும் எனக்குக் கோபமும் வந்தது. ஒழுங்காகவே ஆடினேன்.

அந்த விளையாட்டில் ஒரு மந்திரம் உண்டு. அதைப் போட்டால் சில சுற்றுகளுக்குக் களமே தலைகீழாகிவிடும். மெதுவானது முதலில் அடிக்கும், வேகமானது கடைசியில். ஈசல் மாதிரி ஒன்று அதற்குள் கால் வைத்தால் தீர்ந்தது. மச்சான் அதைத்தான் போட்டிருந்தார். அது தீரும்வரை ஈசலை வெளியே விடாமல், இருந்தவற்றை மாற்றி மாற்றி அனுப்பினேன்; அவை அடி வாங்கிக்கொண்டே அவருடையவற்றையும் ஒவ்வொன்றாகச் சாய்த்தன. மந்திரம் தீர்ந்தபோது என்னிடம் ஈசல் மட்டும்தான் மிச்சம். அவரிடமும் ஒன்றே ஒன்று, இருப்பதிலேயே பெரியது.

ஈசல் பாய்ந்தது. அந்தப் பெரிய ஜந்தின் கோடு சரசரவென்று இறங்கி, சிவப்பில் ஒரு நூல் அளவுக்கு வந்து நின்றுவிட்டது.

அவர் முறை. வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கனமான அடிகளுக்குக் குறி தப்புவதும் உண்டு. தப்பியது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்தேன். மச்சான் எரிச்சலில் கையை ஓங்கியிருந்தார், யாரையும் அடிக்க அல்ல, சொந்தத் தொடையில் தட்டிக்கொள்ளத்தான். அவர் பின்னால் அக்கா நின்றிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். தோள் தூக்கி, கழுத்து உள்ளே இழுத்து, அப்படியே நான்.

எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த நிற்பு எனக்குத் தெரியும். அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரிந்தவர்கள்தான் அப்படி நிற்பார்கள்.

விரல் தானாகவே அமுக்கியது. ஈசல் இன்னொருமுறை பாய்ந்தது, ஆட்டம் முடிந்தது.

மச்சான் கருவியை மெதுவாக மூடினார். எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு திரும்பாமலே அக்காவிடம் சொன்னார், "கெளம்பு. மழை வர்றதுக்குள்ள போயிருவோம்."

மறுநாள் வரை தங்குவதாக இருந்தார்கள். அம்மா பதறி எழுந்தாள். "என்ன மாப்பிள்ள, எதுவும் கொறையாயிருச்சா? சின்னப்புள்ள ஏதோ வெளாண்டுட்டா." என் தொடையைக் கிள்ளி, "மன்னிப்புக் கேளு," என்றாள். கேட்டேன். "அட, வெளாட்டுதான அத்த, ஆபீஸ் வேலை ஒண்ணு இருக்கு," என்றார் அவர். அப்பா பன்னீர் திராட்சைப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். எல்லாரும் அவரைக் குளிரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் பையைக் காரின் பின்னால் வைத்துவிட்டு, முன்கதவுப் பக்கம் போய் நின்றாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

கோயம்புத்தூர் வரை காருக்குள் அவர்கள் இரண்டு பேர் மட்டும். பிறகு அந்த வீட்டுக் கதவு. அடுத்த முறை அவருடையது, அதில் குறி தப்பாது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும்.

"அக்கா போக வேணாம்பா. மச்சான் அக்காவ அடிக்கிறாக."

தெருவில் வெடி போட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் கை என் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. "ஏண்டி, என்ன பேச்சு பேசுற?"

காது கொய்யென்றது. நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது அந்த ஓர் அடிதான், அடித்துவிட்டேன், இனி கையில் எதுவும் இல்லை. அப்படியெல்லாம் இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவள் அந்தக் காரில் ஏறிப் போவாள், நான் சொன்னதற்கும் சேர்த்து அங்கே வாங்குவாள். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

மச்சான் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே அக்காவைப் பார்த்தார். "என்னமோ சொல்றாளே ஒன் தங்கச்சி. நீயே சொல்லு."

அக்கா பழக்கம்போல முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, எம் பைய எறக்கிருங்க."

அப்பா திராட்சைப் பெட்டியைக் கீழே வைத்தார். மச்சானின் கையெட்டும் தூரத்தில்தான் காரின் பின்கதவு இருந்தது. அப்பா அங்கே போய் அதைத் திறந்தார்.