பதினான்கு பூஜ்யங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தேனியில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. எனக்கு ஊர் கம்பத்துக்குப் பக்கம். காலையில் ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும் பெண்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது பிரசவத்தில் குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு மலத்தை அடக்க முடியாமல் போய்விட்டது. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஜீப்பில், கொண்டை ஊசி வளைவில், வண்டியை நிறுத்து என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் சேலை வீணானது. மறுநாளிலிருந்து இடுப்பு வலி என்று சொல்லி வேலைக்கே போகவில்லை. வீட்டுக்காரரிடமும் அதே பொய்தான்.

பொய்யைக் காப்பாற்ற, அந்த இடுப்பு வலிக்கு மருந்து வாங்கத் தேனி மருத்துவமனைக்குப் போன இடத்தில், ஒரு பெண் டாக்டர் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டார். என்னைப் போன்றவர்களுக்கு எந்தச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்று அங்கே ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இஷ்டமிருந்தால் சேரலாம், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார்கள். சரி என்றேன். ஒரு நோட்டைக் கொடுத்து, இரண்டு வாரம் தினமும் எத்தனை முறை கசிந்தது என்று எழுதிவரச் சொன்னார்கள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. நோட்டு என்றதும் பரீட்சை ஞாபகம். கசியாமல் இருந்து நல்ல மார்க் வாங்கினால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஜீப்பில் போன காலத்தில் பழகிய தந்திரம் கைவசம் இருந்தது. காலையில் பாலில்லாத கட்டன் சாயா மட்டும், மத்தியானம் அரை வயிறு. பதினான்கு நாளும் பூஜ்யம். பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

ஆராய்ச்சி நோட்டுகளைப் பார்க்கும் நர்ஸ் என்னைவிடச் சின்னவர், போடிக்காரப் பெண். பக்கங்களைப் புரட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஒரு தடவகூட இல்லையாக்கா? அப்பச் சேத்துக்கிற முடியாதே. தொந்தரவு இருக்கவுகளத்தேன் டாக்டர் சேக்கச் சொல்லிருக்காக."

எனக்குத் தலை சுற்றியது. பசியும் ஒரு காரணம். இதுவும் கைவிட்டுப் போனால் ஆயுசுக்கும் வீட்டுக்குள்தான் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"சாப்பிட்டாத்தேனம்மா வரும். அதேன் சாப்பிடவே இல்ல. அடக்க முடியலம்மா, சேலையெல்லாம் நாசமாப் போகுது" என்று போட்டு உடைத்தேன். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. கேன்டீனிலிருந்து நாலு இட்லி வாங்கிவந்து வைத்தார். "மொதல்ல இதத் தின்னுங்க. இது பரீட்சை இல்லக்கா. நீங்க படுற பாட்ட அப்படியே எழுதுனாத்தேன், வைத்தியம் கேக்குதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். டாக்டரிடம் பேசி, புது நோட்டும் இன்னும் இரண்டு வாரமும் வாங்கித் தந்தார். எனக்கு உயிர் வந்தது.

வழக்கம்போலச் சாப்பிட்டேன். முதல் நாள் 'மூன்று' என்று எழுதினேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "இம்புட்டு நாளா ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். மறுமுறை அவரே தேனிக்குக் கூட்டிப்போனார்.

குலுக்கல் போட்டு, புதிதாக வந்த ஒரு கருவியால் சிகிச்சை பெறுபவர்கள், வெறும் பயிற்சி செய்பவர்கள் என்று ஆட்களைப் பிரித்தார்கள். புதுக் கருவி எனக்கு விழவில்லை. ஆசனவாய்த் தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி மட்டும்தான். கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும் ஆறு மாதம் விடாமல் செய்தேன். எப்போதாவது சறுக்கும், மற்றபடி நிம்மதி. எந்த முறை உசத்தி என்பதை அவர்கள் ஆராய்ந்து சொல்லட்டும். நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஜீப் ஏறிவிட்டேன்.

இப்போதும் எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் 'நல்லா இருக்கேன்' என்றுதான் முதலில் வாயில் வருகிறது; அதை விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொல்கிறேன்.