தொட்டியின் அடியில் தங்கிய கறுப்பு

நீங்கள் கடைசியாக உங்கள் கையையே சந்தேகப்பட்டது எப்போது? பால்காரரை அல்ல, கடைக்காரரின் தராசை அல்ல, பிள்ளைக்கு ஊட்டிவிடும் உங்கள் சொந்தக் கையை? யோசித்துக்கொண்டே படியுங்கள்.

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் அவளுக்குப் பெயர் உளவுத்துறை. தெருவே சேர்ந்து வைத்த பெயர். கடையில் சாமான் நிறுக்கும்போது தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பாள். மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். புருஷன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தால், "என்ன விஷயம்?" என்பாள். அவன் நிலக்கரி நொறுக்கும் கூடத்திலும் அதையொட்டி, சுரங்க விளக்குகளின் பேட்டரியைப் பழுதுபார்க்கும் அறையிலும் வேலை பார்த்தான். சிரிப்பதற்கான சங்கதி இரண்டு இடத்திலும் கிடையாது என்பதால் கேள்வியில் நியாயம் இருந்தது.

கொல்லையில் அவளுக்கு ஒரு கீரைப் பாத்தி. அந்தத் தெருவில் அவ்வளவு கரும்பச்சையாகக் கீரை வேறு யார் வீட்டிலும் வந்ததில்லை. பள்ளிக்கூடம் போகும் வயது இன்னும் ஆகாத ஒரே மகள் வெளிறிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்க ஆரம்பித்தபோது, அந்தக் கீரையைத்தான் இன்னும் ஒரு பிடி கூடுதலாக மசித்து ஊட்டினாள்.

ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "குழந்தை உடம்புல ஈயம் இருக்கும்மா. எங்கிருந்து உள்ள போகுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. அதை நிறுத்தாம நான் மருந்து கொடுத்து என்ன ஆகப்போகுது?"

உளவுத்துறைக்கு அதைவிடப் பெரிய வேலை வந்ததில்லை. பொம்மைகளை மூட்டை கட்டினாள். சன்னல் சாயத்தைச் சுரண்டினாள். பால்காரரை மாற்றினாள். கடைசியில் பார்வை சுரங்கத்தின் பக்கம் திரும்பியது. அது முதலில் திரும்பியிருக்க வேண்டிய பக்கம். ஆனால் சோறு போடுகிற இடத்தைச் சந்தேகப்பட யாருக்குமே கொஞ்ச காலம் பிடிக்கிறது.

கம்பெனியிலிருந்து மண் பரிசோதனைக்கு ஒருவர் வருவார். தெருவுக்கு அவர் மண்ணு சார். எப்போது கேட்டாலும், "மண்ணு சுத்தமா இருக்கும்மா" என்பார். அவள் ஒருநாள் அவர் பின்னாலேயே போனாள். அவர் நேராக அலுவலகப் பூங்காவுக்குப் போய், பூச்செடிக்கு அடியில் கரண்டியைக் குத்தினார்.

"சார், இது வெளியூர்லேர்ந்து லாரியில கொண்டுவந்து கொட்டின மண்ணாச்சே?"

"மண்ணு மண்ணுதானேம்மா."

"அப்ப பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட பக்கத்து வீட்டுப் பொண்ணைக் காட்டலாமா சார்?"

அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் தன் பாத்தி மண்ணை ஒரு பையிலும், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தையல்காரம்மாவின் கொல்லை மண்ணை இன்னொரு பையிலும் கட்டிக்கொண்டு, பஸ் ஏறிக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனாள். அங்கிருந்த டீச்சர் முடிவை நேரில் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டிலும் ஈயம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம் இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தன. அவளுடைய பாத்தியில் மட்டும் அந்த அளவும் பல மடங்காகியிருந்தது.

சேதி எட்டியதும் மண்ணு சார் வாசலுக்கே வந்துவிட்டார். "எங்க கம்பெனித் தூசி வேலி பார்த்தா விழும்? பக்கத்துல கம்மி, உங்க வீட்டுல ஜாஸ்தி. கோளாறு எங்க இருக்குன்னு நீங்களே பாத்துக்கங்க."

இரண்டு இடத்திலும் மண் கெட்டிருந்ததைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் அப்போது அதைப் பிடித்துக்கொள்ளத் தவறினாள். நேராக வேலிக்குப் போனாள்.

"அக்கா, என் பாத்தியில எதையாவது கொட்டுறீங்களா?"

தையல்காரம்மா ஊசியைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தார். "ஆமா, எனக்குத் துணி தைக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உன் கீரைக்கு விஷம் வைக்கிறதுதான் வேலை. போடி! நாளைக்கு உன் நிழலையும் பிடிச்சு விசாரிப்ப."

அந்த வாரம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவது மட்டும் வேலிக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

மறுபடி ஆய்வகத்துக்குப் போனபோது டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார். "பாத்திக்கு என்ன தண்ணி விடுறீங்க?"

"எங்க குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள்தான் டீச்சர் தண்ணி. துணி துவைச்ச தண்ணியை ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன்."

"எந்தத் துணி?"

"அவரு யூனிஃபார்ம்தான். தகரத் தொட்டியில ஊறப்போட்டா அடியில கறுப்பா ஒரு சேறு தங்கும் பாருங்க, அதை வழிச்சுப் பாத்தியில போடுவேன். கீரைக்கு அதுதான் உரம். எங்க தெருவுல எல்லாருமே..."

வாக்கியம் பாதியில் நின்றது. எல்லாரும் இல்லை. தையல்காரம்மாவின் புருஷன் பஸ் கண்டக்டர். அந்த வீட்டுத் தொட்டியில் கறுப்பு தங்குவதில்லை.

மறுநாள் தொட்டிச் சேற்றைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தாள். பாத்தியில் இருந்த அத்தனை நஞ்சும் அந்தப் பாட்டிலில் இன்னும் அடர்த்தியாக இருந்தன. தெருவிலுள்ள அத்தனை பேரையும் வருஷக்கணக்காக மோப்பம் பிடித்தவள், ஒருநாளும் சந்தேகப்படாத இடம் தன் துவைக்கும் தொட்டி. அன்று வேலியோரம் போய், "அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். தையல்காரம்மா, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

கம்பெனி இதற்காகவே காத்திருந்த மாதிரி பேசியது. "பாத்தீங்களா? நீங்களே போட்டுக்கிட்டதும்மா இது" என்றார் மண்ணு சார்.

இந்த இடத்தில் பலர் தலையைக் குனிந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாயின் குற்ற உணர்ச்சியைப் போல முதலாளிக்கு வசதியான வாய்ப்பூட்டு வேறில்லை. அவள் போகவில்லை.

"சேத்தை நான் போட்டேன் சார். சேறு யாரோடது? முன்னாடி கம்பெனி கேட்டுக்குள்ளயே துவைக்கிற கூடமும் குளிக்கிற அறையும் இருந்துச்சே, அதை எதுக்கு மூடினீங்க?"

எதற்கு என்பது ஊருக்கே தெரியும். அதிகாரிகளின் கார் வெயிலில் நிற்கக் கூடாது என்று அந்தக் கூடத்தைக் கார் ஷெட்டாக்கியிருந்தார்கள். சுரங்கத்து நஞ்சு அன்றிலிருந்து ஒவ்வொரு ஆளின் முதுகிலும் ஏறி வீட்டுக்கு நடந்து வந்தது. வாசலில் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ள ஓடிவந்த பிள்ளைதான் அதை முதலில் தொட்டது.

"இதெல்லாம் பேசினா என் வேலை போயிடும்டி" என்றான் புருஷன்.

"உங்க யூனிஃபார்மைத் துவைக்கிறதில்லைன்னு மட்டும்தான் சொல்றேன். அது என் வேலை. அதை நான் விட்டாச்சு."

தெருப் பெண்களும் விட்டார்கள். கரி படிந்து விறைத்த உடுப்புகளைத் தொட்டி தொட்டியாகக் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் வைத்தார்கள். காவலாளி விரட்டினார். மறுநாளும் வைத்தார்கள். தையல்காரம்மா, தன் வீட்டில் சுரங்க உடுப்பே இல்லாதவர், வெறும் தொட்டியோடு வந்து வரிசையில் நின்றார். அதிகாரிகளின் கார்கள் உள்ளே போக வழியில்லாமல் வெயிலில் நின்றபோதுதான் துவைக்கும் கூடம் திறந்தது.

திறப்பன்று எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் கட்டடத்தின் பின்பக்கம் போய், கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தாள். மதிலுக்கு வெளியே போய், பள்ளத்திலிருந்த அடுத்த தெருக் கொல்லைகளின் ஓரம் அது வாயைத் திறந்து கிடந்தது.

"மண்ணு சார்," என்று கூப்பிட்டாள், "கொஞ்சம் இங்க வாங்க. கரண்டியை எடுத்துக்கிட்டு வாங்க."

அந்தக் குழாய்க்கான சண்டை இன்னும் முடியவில்லை. பாத்தியில் இப்போது கீரை இல்லை. மகளின் ரத்தத்தில் ஈயம் மெல்லக் குறைகிறது. அது ஏற்கெனவே செய்துவிட்ட கேடு எந்த அளவுக்கு மிஞ்சும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் சுரங்கத்துக்கோ பட்டறைக்கோ பேட்டரிக் கடைக்கோ போய்வருகிற ஒருவர் இருப்பார். அவர் உடுப்பை மாற்றாமல் பிள்ளையைத் தூக்க விடாதீர்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். மண் சுத்தம் என்று யாராவது சொன்னால், எந்த இடத்து மண் என்று கேளுங்கள். பிறகு அந்த உடுப்பைத் தூக்கிக்கொண்டு வேலை கொடுத்தவரின் வாசலுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள்.