லாண்ட்ரி அக்கா கேட்ட இரண்டாவது ஆய்வு

உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் கோப்புகளைப் பராமரித்தேன். அவற்றில் வந்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றால், லாண்ட்ரி அக்காவைப் பற்றி எழுதுவேன்.

கணவர் இறந்த பின், இரண்டு மகள்களையும் ஒரு கொதிகலனையும் வைத்துக்கொண்டு மருத்துவமனை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்தவர். நாளொன்றுக்கு நூற்றெண்பது. வேலிக்கு அந்தப் பக்கம் ஜல்லி உடைக்கும் ஆலை. அங்கே இரண்டு எந்திரங்கள் ஓடின; மூன்றாவதற்கு முதலாளி உரிமம் கேட்டார். அக்கா ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். தூசி படிந்ததால் மருத்துவமனை ஏற்கெனவே இரண்டு முறை விரிப்புகளைத் திருப்பி அனுப்பியிருந்தது. இன்னொரு முறை திரும்பினால் வேலை வேறிடத்துக்குப் போய்விடும் என்று கடிதமும் வந்திருந்தது.

விசாரணை அன்று எங்கள் அதிகாரி சொன்னார்: "போன செவ்வாய்க்கிழமை நேர்லயே போய்ப் பாத்துட்டேம்மா. அப்படி ஒண்ணும் தூசி இல்லை."

"யாரோட போனீங்க சார்?" என்றார் அக்கா.

அதிகாரி என்னைப் பார்த்தார். ஆய்வுப் பதிவேட்டைப் படித்தேன். காலை 10.40 முதல் 11.15 வரை. உடனிருந்தோர் ஆலை முதலாளி, மேலாளர். வாகனம் ஆலையினுடையது. ஆட்சேபித்தவர் என்ற இடம் காலி.

"எத்தனை மெஷின் ஓடுச்சு சார்?"

"ஒண்ணு. இன்னொண்ணு ரிப்பேர்னு சொன்னாங்க."

"அன்னைக்கு மத்தியானமே ரெண்டும் ஓடுச்சு. என்னையும் கூப்பிட்டிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேன். நீங்க என்ன பாத்தீங்கன்னே எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது?"

முதலாளி சிரித்தார். "சாருக்கே அக்கா பாடம் எடுக்கிறாங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். "அவங்க கேக்கிறது நியாயம்தான்" என்றார். தம் ஆய்வுக் குறிப்பைக் கணக்கில் கொள்ளப்போவதில்லை என்று கோப்பிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். மறு ஆய்வு வியாழக்கிழமை, இரு தரப்பும் உடனிருக்க, அலுவலக ஜீப்பில்.

ஜீப்பின் பின்னிருக்கையில் பதிவேட்டோடு நடுவில் நான். ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் முதலாளி.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி" என்றார் அக்கா, முதலாளியிடம்.

"இதுக்கு மேல தள்ளுனா ரோட்டுலதான் உக்காரணும் அக்கா."

"உக்காந்துதான் பாருங்களேன். உங்க லாரி போற ரோடுதானே."

ஆலையில் தேநீர் கொண்டுவந்தார்கள், அதிகாரி தொடவில்லை. அக்கா கொடுத்த தண்ணீரையும் தொடவில்லை. இரண்டு எந்திரங்களும் ஓடின. துவைத்த விரிப்புகளில் ஒன்றை முதலாளியே பார்த்து எடுத்தார். அக்கா அதை மடித்துக் கொடியில் போட்டார். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். 11.52க்குப் பிரித்தபோது உள்மடிப்பு வெள்ளை, வெளிப்பக்கம் சாம்பல்.

எழுதியதை இருவருக்கும் வாசித்தேன்.

"காத்து அவங்க பக்கம் அடிச்சுதுன்னும் எழுதுங்க" என்றார் முதலாளி. எழுதினேன்.

"வருஷத்துல ஏழு மாசம் இப்படித்தான் அடிக்குதுன்னு நான் சொன்னதாவும் எழுதுங்க" என்றார் அக்கா. அதையும் எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஆணை வந்தது. மூன்றாவது எந்திரத்துக்கு உரிமம் இல்லை. இருக்கும் இரண்டையும் தொண்ணூறு நாளுக்குள் கொட்டகை போட்டு மூட வேண்டும். அதன் பின், இரு தரப்பின் கையெழுத்து இல்லாத ஆய்வுக் குறிப்பு எதையும் எங்கள் அலுவலகத்தில் நான் கோப்பில் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லி எவரும் கேட்கவும் இல்லை.

கொட்டகை எழுபத்தெட்டாம் நாள் முடிந்தது. மறுநாள் காலை நூற்றெண்பது விரிப்புகளையும் ஆலையை ஒட்டிய கொடிகளிலேயே அக்கா காயப்போட்டார். மாலையில் எல்லாம் வெள்ளையாகவே வண்டி ஏறின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.