கடைசி வரிசைப் பந்தி

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிறவர் தெபொராள். வயது ஐம்பத்தாறு. கணவர் இல்லை, ஒரே மகள் கயல்விழி. ஞாயிறு தவறாமல் ஊரிலுள்ள சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவார். போன ஆண்டு வரை அவரைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருந்தது.

அந்த ஆண்டு ஜார்க்கண்டிலிருந்து மனோகர் திர்கியும் அவர் மனைவி எலிசபாவும் பண்ணைக்கு வேலைக்கு வந்தார்கள். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். தெபொராள்தான் அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

பிறகு கைப்பேசிகளில் ஒரு வீடியோ சுற்றியது. வடக்கத்தியர் பிள்ளை பிடிக்கிறார்களாம். எந்த ஊர், யார் பிள்ளை, பார்த்தது யார்? ஒருவரும் கேட்கவில்லை. எலிசபா உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் உட்காருவது நின்றது.

மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. வரிசை வரிசையாகப் போய் முழங்காலிட்டு, ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் எல்லோரும் திராட்சரசம் அருந்துவார்கள். அது சுகாதாரமா என்பது நியாயமான கேள்வி. அந்தச் சபை அறுபது ஆண்டுகளாக அதைக் கேட்கவில்லை. திர்கி குடும்பம் வந்த பிறகு கேட்டது. வடக்கத்தியர் கடைசியில் வரட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. அந்த மாதம் வரிசைக்கு எழுந்த இருவரையும் சைகையால் உட்காரச் சொன்னபோது மனோகர் புரியாமல் சிரித்தார். எலிசபாவுக்குப் புரிந்தது. மறுநாள் பண்ணையில், "அக்கா, கோயில் இனி வராது" என்றாள்.

தெபொராள் சபைச் செயலர் குணசீலனிடம் போனார்.

"ஏனுங்க தம்பி, அந்தப் புள்ள பொறுக்கற முட்டையத்தான தெனமும் ஆம்லேட் போட்டுத் திங்கறீங்க? அதுல வராத நோவு பாத்திரத்துல வந்துருமாக்கும்?"

"நோவு மட்டுமில்லீங்க்கா. சனம் பயப்படுது."

"எங்கப்பனும் உங்கப்பனும் இதே கோயல்ல கடைசிலதான் நின்னாங்க. அப்பவும் சனம் பயந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

குணசீலனின் முகம் கறுத்தது. "அடுத்த நற்கருணை அன்னிக்குத்தான் கயலு கல்யாண ஓலை மூணாந்தடவ படிக்கோணும். கமிட்டியப் பகைச்சுக்காதீங்க."

கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசித்தால்தான் அந்தக் கோயிலில் தாலி கட்ட முடியும். மாப்பிள்ளை வீடு சேலத்துச் சூரமங்கலம். பத்திரிகை அடித்தாயிற்று; மூன்றாவது ஓலை படிக்கும் அதே வாரம் கல்யாணம்.

தெபொராள் எலிசபாவிடம், "நீ வா. நான் பக்கத்துல இருக்கறேன்" என்றார். அடுத்த நற்கருணை ஞாயிறு அவரும் மகளும் மனோகரும் எலிசபாவும் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார்கள். அறிவிப்புகள் முடிந்தன. ஓலை வாசிக்கப்படவில்லை. நற்கருணைக்குப் பெண்கள் வரிசை எழுந்தது. தெபொராள் அசையவில்லை. குணசீலன் வந்து குனிந்தார்.

"எந்திரிச்சு வாங்க்கா. ஆராதனை முடியறதுக்குள்ள ஓலையப் படிச்சுரலாம்."

"இது கர்த்தரோட பந்திங்க தம்பி. எடம் பிரிக்க நாம யாரு? இவங்களுக்குப் பொறவு நான் வாரேன்." பிறகு மகளைப் பார்த்தார். "நீ போ சாமி. உன்ற கல்யாணம்."

கயல்விழி எழுந்தாள். இரண்டு அடி நடந்தாள். திரும்பி வந்தாள்.

"போயிட்டு வந்து உன்ற மூஞ்சியில எப்படி முழிப்பேன்? தள்ளி உக்காரும்மா."

எல்லோரும் முடித்த பின் நால்வரும் போனார்கள். எலிசபா அருந்தியதும், ரசம் கொடுத்த ஆயர் பாத்திரத்தைத் துடைக்கத் துணியைத் தேடினார். தெபொராள் அதற்குக் காத்திருக்கவில்லை. பாத்திரத்தை இரு கையாலும் பிடித்துக் குடித்தார். அடுத்து கயல்விழி.

ஓலை அன்று வாசிக்கப்படவே இல்லை. திங்கட்கிழமை பண்ணைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தெபொராள் சேலம் பஸ் ஏறினார். கல்யாணம் ஏன் தள்ளிப் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டில் அவரே சொல்ல வேண்டியிருந்தது.